பேய்களுக்குக் கோட்டு கொடுத்தவர்கள்

முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே செல்போனில் பழைய படம் பார்க்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு செய்தி. எண்பதுகளில் வந்து சில நாட்களிலேயே தியேட்டரை விட்டு ஓடிப்போன ஒரு பேய்ப் படத்தை யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் ஏற்றிவிட்டிருக்கிறான். அடையாற்றில் மகள் வீட்டில் மத்தியான மாத்திரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அது என் கண்ணில் பட்டது. படம் பார்த்து முடித்ததைவிட, கீழே பிள்ளைகள் எழுதியிருக்கிற கேலியைப் படித்து முடிக்கத்தான் அதிக நேரம் ஆனது. பேய்க்கு வியர்க்கிறது பார் என்கிறான் ஒருவன். காற்றில் சிலுவை பறக்கிறது என்கிறான் இன்னொருவன். கல்லறையில் என்னப்பா ரிசப்ஷனா, செத்தவன் எல்லாம் கோட்டு போட்டுக்கொண்டு வருகிறான் என்று மூன்றாவது ஒருவன்.

முதல் இரண்டு பேருக்கும் என்னிடம் பதில் கிடையாது. மூன்றாமவனுக்கு உண்டு. அந்தக் கோட்டுகள் எங்கள் மாதா கோயில் பங்கு மக்களுடையவை.

படத்தின் பெயர் வேண்டாம். எடுத்தவரின் பிள்ளைகள் எங்காவது நன்றாக இருக்கட்டும். கதை இதுதான்: ஒரு பணக்காரன் கல்லறை நிலத்தை மடக்கி பங்களா கட்டுகிறான். அதைக் கேள்வி கேட்ட வாலிபனைக் கொன்றுவிடுகிறான், ஊரார் அவனை அந்த நிலத்தின் ஓரத்திலேயே அடக்கம் செய்கிறார்கள். இடமில்லாமல் போன செத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வருகிறார்கள், அந்த வாலிபன் தலைமையில். இன்றைக்குச் சென்னையில் வீடு தேடி அலைகிறவர்களுக்கு அந்தப் பேய்களின் கஷ்டம் புரியும்.

எங்கள் வீடு ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்தது. எங்கள் பங்கில் பாதிப் பேர் வாத்தியார்கள், மீதிப் பேர் ஆஸ்பத்திரி, ஆபீஸ், கப்பல் என்று போனவர்கள். அங்கே ஆண்களுக்கு ஆயுளுக்கு ஒரே ஒரு கோட்டு. கல்யாணத்துக்குத் தைப்பார்கள். மறுநாளே அது தலையணை உறைக்குள் போய் பீரோவில் தொங்க ஆரம்பித்துவிடும். அடுத்து வெளியே வருவது, அதற்குரியவர் பெட்டிக்குள் படுக்கும் அன்றைக்கு. நடுவில் வெள்ளி விழா கொண்டாடினால் ஒரு நாள் போட்டுப் பார்ப்பார்கள். பட்டன் சேராது. மழைக்காலம் முடிந்ததும் பெண்கள் அதை எடுத்து மொட்டைமாடியில் வெயில் காட்டுவார்கள். நாப்தலீன் உருண்டை வாசம் தெரு வரைக்கும் வரும். என் அம்மா அதை "மேல போற யூனிபாரம்" என்பாள். யாரும் அதைப் பார்த்துப் பயந்ததில்லை. சாவுக்குத் துணி தயாராக இருக்கிறது என்பது எங்களுக்கு அரிசி இருப்பு மாதிரி ஒரு நிம்மதி.

எங்கள் பீரோவில் இரண்டு கோட்டுகள் தொங்கின. ஒன்று அப்பாவுடையது. மற்றது சித்தப்பாவுடையது.

சித்தப்பா அப்பாவின் தம்பி. கப்பலில் சாப்பாட்டு அறையில் வேலை. நல்ல உயரம், ஒல்லி, வாசற்படியில் தலை குனிந்துதான் உள்ளே வருவார். கல்யாணமான மறுவருஷம் ஒரு துறைமுகத்துக்கும் இன்னொரு துறைமுகத்துக்கும் நடுவில் ஒரு காலையில் அவர் கப்பலில் இல்லை. தேடினோம், கிடைக்கவில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவ்வளவுதான். உடம்பு இல்லை, பெட்டி இல்லை, கல்லறை இல்லை. கோட்டு மட்டும் இருந்தது.

சித்தி எங்களோடுதான் இருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற வேலை. கலர் புடவை, தலையில் பூ, கழுத்தில் தாலி. அவரைப் பற்றி யார் கேட்டாலும் "ஊர்ல இல்ல" என்பாள். ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கென்று ஒரு தட்டு வைத்து மூடுவாள். காலையில் அது பூனைக்கு. கல்லறைத் திருநாளுக்கு ஊரே சாமந்தியும் மெழுகுவத்தியுமாகக் கிளம்பும்போது அவள் மட்டும் வீட்டில் இருந்து குழம்பு வைப்பாள். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு அது பெரிய வருத்தம். அவர் பள்ளிக்கூட வாத்தியார், அதோடு பங்கில் சாவுக்காரியம் பார்க்கும் சபைக்குச் செயலாளர். ஊரில் எத்தனையோ பேரை ஒழுங்காக அடக்கம் செய்தவர், சொந்தத் தம்பியின் ஆத்துமாவுக்குக் கோயிலில் ஒரு பூசை வைக்க முடியவில்லை. சித்தி சம்மதிக்க மாட்டாள். இன்னொன்றும் இருந்தது. பள்ளிக்கூடத்து சிஸ்டர் அவளை ஆசிரியைப் பயிற்சிக்கு அனுப்பத் தயாராக இருந்தார். வெளியூர், விடுதியில் தங்க வேண்டும், திரும்பி வந்தால் நிரந்தர வேலை. சித்தி அதற்கும் மாட்டேன் என்றாள்.

"அவர் வந்து கதவத் தட்டும்போது நான் இல்லன்னா?"

"வர்றதா இருந்தா வந்திருப்பான்மா" என்றார் அப்பா.

சித்தி அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "நீங்க பாத்தீங்களா மாமா? நான் ஒரு புடி மண்ணு போட்டேனா? அப்புறம் எப்பிடி நான் பூசை வைக்கச் சொல்றது?"

எங்கள் வழக்கத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கியதும் வீட்டார் ஆளுக்கு ஒரு பிடி மண் போட வேண்டும். அதைப் போடாதவர்களுக்கு அந்தச் சாவு முடிவதில்லை. 

அந்தக் கோடை விடுமுறையில்தான் சினிமாக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். படத்தின் மேனேஜர். வெள்ளைப் பேன்ட், வெள்ளை ஷூ, அக்குளில் ஒரு தோல் பை. கல்லறையில் படம் எடுக்க அனுமதி கேட்டுப் பங்குச் சாமியாரிடம் போயிருக்கிறார். சாமியார் ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார். சாவுக்காரிய சபைக்குச் செயலாளர் யார் என்று விசாரித்துக்கொண்டு மேனேஜர் அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சார், கல்லறை நாங்களே போட்டுக்கறோம். தோப்புல தெர்மகோல் சிலுவை நட்டா முடிஞ்சிது. கோட்டுதான் சார் பிரச்சன. கம்பெனில கீறதெல்லாம் டான்ஸ் கோட்டு. மினுமினுன்னு கீது. அத்தப் போட்டுகினு பொணம் வந்தா ஜனம் விசிலடிக்கும் சார்."

"வேட்டி கட்டிட்டு வந்தா என்ன?" என்றார் அப்பா.

"இன்னா சார் நீங்க. இங்கிலீஷ் படத்துல எந்தப் பேய் வேட்டி கட்டுது? ஃபேமிலி கோட்டா கெடச்சா நல்லாருக்கும். உங்க பேரு டைட்டில்ல போட்ருவோம். நன்றின்னு."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாவம், நாற்பது வயசுவரைக்கும் அவருக்கு யாரும் நன்றி என்று எழுத்தில் சொன்னதில்லை. மறுநாளிலிருந்து வீடு வீடாகப் போய்க் கோட்டு திரட்டினார். நீங்கள் நினைக்கிற மாதிரி யாரும் முகம் சுளிக்கவில்லை. சும்மாதானே தொங்குது, வாத்தியார் கேக்குறாரு, சினிமாவுல வரும் என்று உறையோடு எடுத்துக் கொடுத்தார்கள். செத்த பிறகு போட வைத்திருந்த துணியை, செத்தவனாக நடிக்கிறவன் முதலில் போட்டுக்கொள்வதில் என்ன தப்பு என்று எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. அம்மா மட்டும்தான் முணுமுணுத்தாள்.

"பேய்க்கு வாழ்க்கப்பட்டா புளியமரம் ஏறணும். நான் வாத்தியாருக்கு வாழ்க்கப்பட்டேன், எனக்கு எதுக்கு இந்தப் பாடு?"

சித்தி காலைப் பூசைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து அப்பா சித்தப்பாவின் கோட்டையும் எடுத்துவிட்டார். வாலிபனாக நடிக்கிறவனுக்கு உயரமான கோட்டு வேண்டும் என்று சினிமாக்காரர் கேட்டிருந்தார். அது ஒரு காரணம். பீரோவில் அந்த இடம் காலியானால் சித்தியின் மனசும் மெல்ல காலியாகும் என்று அவராக ஒரு கணக்குப் போட்டிருந்தார். அது இன்னொன்று.

சித்தி வந்து பீரோவைத் திறந்தாள். தலையணை உறை மட்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சத்தம் போடுவாள் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.  எந்தத் தோப்பு என்று மட்டும் அம்மாவிடம் கேட்டாள். மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், கோட்டைத் திருப்பி வாங்கி வர.

உப்பங்கழி ஓரத்தில் ஒரு தென்னந்தோப்பு. அப்போது அந்தப் பக்கம் அடுக்குமாடி எதுவும் கிடையாது. நாங்கள் போய்ச் சேர்ந்தது நல்ல உச்சி வெயிலில். படத்தில் அது நடுநிசி. ராத்திரியில் எடுத்தால் விளக்குச் செலவாகும் என்று கேமராவுக்கு முன்னால் நீலக் கண்ணாடியை வைத்துப் பகலிலேயே ராத்திரி செய்துகொண்டிருந்தார்கள். மூடுபனிக்காகச் சட்டி சட்டியாகச் சாம்பிராணி போட்டார்கள். ஒரே சமயத்தில் பூசை வீடு மாதிரியும் குழந்தை குளிப்பாட்டிய வீடு மாதிரியும் அந்தத் தோப்பு மணத்தது. ரத்தத்துக்கு நன்னாரி சர்பத்தில் சிவப்புச் சாயம். சர்க்கரை அல்லவா, எறும்பு வந்துவிட்டது. அரிசி மாவு பூசிய முகத்தோடு பேய்கள் கோட்டுக்குள் கைவிட்டுச் சொறிந்துகொண்டு மரநிழலில் எலுமிச்சம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. யார் யார் கோட்டு என்று என்னால் சொல்ல முடிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் பெல்ஸ் மாஸ்டரின் கோட்டில் ஒருவன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

சித்தப்பாவின் கோட்டைப் போட்டிருந்தவன் ஊரூர் குப்பத்து ஆள். கடலுக்குப் போகாத நாட்களில் இப்படி நடிக்க வருவானாம். உயரம், ஒல்லி. கோட்டு அவனுக்கு அப்படியே பொருந்தியிருந்தது. சித்தி கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டாள். அவன்தான் எழுந்து வந்தான்.

"இன்னாக்கா, யாரப் பாக்கணும்?"

"அந்தக் கோட்டு எங்க வீட்டுது."

"உங்க வீட்டுக்காரருதா? சும்மா சொல்லக்கூடாதுக்கா, எனக்குன்னே தச்சா மாரி கீது. அவுரு தேடுறாரா?"

"அவர் ஊர்ல இல்ல" என்றாள் சித்தி. பிறகு, "கைய மடிச்சுவிட்டுச் சாப்பிடுங்க, கறை பட்டுரும்" என்றாள்.

சினிமாக்காரர் ஓடி வந்தார். கோட்டை இப்போது தர முடியாது, பாதிக் காட்சி எடுத்தாகிவிட்டது, நடுவில் கோட்டு மாறினால் படம் பார்க்கிறவன் செருப்பைக் கழற்றுவான் என்று கெஞ்சினார். இந்த ஒரு ஷாட் முடியட்டும், கையோடு கழற்றித் தருகிறேன் என்றார். நாங்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம்.

அந்த ஷாட், வாலிபனை அடக்கம் செய்கிற காட்சி. இடுப்பளவு குழி வெட்டியிருந்தார்கள். பெட்டி செய்யக் காசில்லை, ஆகவே ஏழை வாலிபன் பாயில் கிடந்தான். கோட்டு போட்ட ஏழை. அவன் குழிக்குள் இறங்கிக் கைகளை மார்பில் கோர்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். சுற்றி நிற்கப் பெண்கள் போதவில்லை. சினிமாக்காரர் சித்தியிடம் வந்தார்.

"சிஸ்டர், சும்மாத்தானே குந்திகினு கீறீங்க. ஒரு புடி மண்ணு போட்ருங்க. மூஞ்சி வராது. கை மட்டும்தான்."

சித்தி எழுந்து போனாள். நானும் பின்னால் போய்ச் சினிமாக்காரரின் வெள்ளை ஷூவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கேமரா ஓட ஆரம்பித்தது. மற்ற பெண்கள் மண்ணைப் போட்டுவிட்டு விலகினார்கள். சித்தி மண்ணை அள்ளியவள் போடவில்லை. குழிக்குள் பார்த்துக்கொண்டே நின்றாள். "போடும்மா, போடும்மா, பிலிம் ஓடுது" என்று டைரக்டர் கத்தினார். கீழே கிடந்தவனின் கழுத்தில் எறும்பு ஊர்ந்தது எனக்கே தெரிந்தது. அவன் அசையவில்லை. சித்தியின் உதடு அசைந்தது. அது செத்தவர்களுக்காகச் சொல்கிற இளைப்பாற்றிச் செபம். எங்கள் வீட்டில் தினமும் சொல்வது, அதனால் சத்தம் வராமலே எனக்குப் புரிந்தது. சொல்லி முடித்துவிட்டு, குனிந்து, எறியாமல், கோட்டின் மேல் மெல்ல மண்ணை விட்டாள். அப்புறம் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டைரக்டருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். குழியிலிருந்து எழுந்தவன் வாயில் போன மண்ணைத் துப்பிவிட்டு, "இன்னாக்கா, நெஜமாவே அழுவுற?" என்றான். கோட்டைக் கழற்றப் போனான். சித்தி வேண்டாம் என்று தலையசைத்தாள்.

"நீங்களே வெச்சுக்குங்க. படம் முடிஞ்சாலும் குடுத்தனுப்ப வேணாம்."

நான் வழியெல்லாம் குதித்துக்கொண்டு வந்தேன். என் சித்தி சினிமாவில் நடித்துவிட்டாள், அதுவும் அழுது நடித்துவிட்டாள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதைத்தான் சொன்னேன். அப்பாவுக்கு வந்ததே கோபம்.

"குடும்பத்துப் பொம்பளை போய் சினிமாக்காரனுங்க நடுவுல நின்னு நடிக்கறதா? நாளைக்கி கோயில்ல எப்பிடி முழிக்கறது?"

"கோட்டு நடிச்சா பெரும, பொம்பள நடிச்சா கேவலமா?" என்றாள் அம்மா.

சித்தி கால் கழுவிவிட்டு உள்ளே வந்தாள். முந்தானையில் இன்னும் சாம்பிராணி வாசம் இருந்தது. "மாமா, ஃபாதர்கிட்ட பூசைக்குச் சொல்லிருங்க" என்றாள். அப்பா அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு சாமியாரைப் பார்க்கக் கிளம்பினார்.

பூசை நடந்தது. உடம்பில்லாத பூசைக்கு எங்கள் கோயிலில் வெறும் மரக்கட்டிலின் மேல் கறுப்புத் துணி போர்த்தி நான்கு பக்கமும் மெழுகுவத்தி வைப்பார்கள். அதற்கு முன்னால் சித்தி முழங்காலில் இருந்தாள். அன்றிலிருந்து இரவுத் தட்டும் வைக்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. யாராவது கதவைத் தட்டினால் இன்னமும் அவள்தான் முதலில் எழுந்து போவாள். பயிற்சிக்கு எப்போது கிளம்புகிறாய் என்று சிஸ்டர் கேட்டால், பார்க்கலாம் சிஸ்டர், மழை போகட்டும் என்பாள்.

கோட்டுகள் ஒரு சாக்கு மூட்டையில் திரும்பி வந்தன. சர்பத் சாயம் போகவே இல்லை. அப்பா ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேச்சு வாங்கினார். பிற்காலத்தில் எங்கள் பங்கில் எத்தனையோ பேர் அந்த இளஞ்சிவப்புக் கறையோடுதான் புதைக்கப்பட்டார்கள். என் அப்பாவும்தான். அம்மா ஒரு ரோஜாப்பூவைக் குத்தி மறைத்துவிட்டாள். அன்று மூட்டையை அவிழ்த்தபோது ஒரு கோட்டு குறைந்தது. அப்பா திரும்பத் திரும்பத் தேடினார்.

"தேடாதீங்க மாமா" என்றாள் சித்தி. "அது அடக்கம் பண்ண துணி. வீட்டுக்குள்ள வரக்கூடாது."

சித்தி பிறகு பயிற்சிக்குப் போனாள். வேலை நிரந்தரமாகி, தலைமையாசிரியை ஆகி, ஓய்வும் பெற்றாள். அவளிடம் படித்த பிள்ளைகள் இன்றைக்கு எங்கெங்கோ இருக்கிறார்கள். கோட்டைத் தூக்கிக் கொடுத்தேன், பைத்தியம் தெளிந்தது என்று அப்பா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். டைட்டிலில் அவருக்கு நன்றியும் போடவில்லை, ஆகவே அந்தப் பெருமையாவது இருக்கட்டும் என்று யாரும் மறுக்கவில்லை. ஆனால் தியேட்டரில் சித்திக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

சித்தி பயிற்சிக்குப் போவதற்கு முன்னால், மழை விட்ட ஒரு மத்தியானக் காட்சி. மயிலாப்பூரில் அப்போதிருந்த ஒரு தியேட்டர். பங்கே திரண்டு வந்திருந்தது. சித்தி வரமாட்டாள் என்று நினைத்தோம், அவளே புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பேய்கள் வர ஆரம்பித்ததும் எங்கள் ஆட்களுக்குப் பயமே வரவில்லை. "டேய், அது எங்க மாமா கோட்டுடா!" என்று முன் வரிசையில் ஒரு சத்தம். "பெல்ஸ் மாஸ்டர் வர்றாரு, எந்திரிச்சு நில்லுங்க!" என்று இன்னொன்று. கோட்டுக்காரர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அடக்கக் காட்சி வந்தது. திரை முழுக்க ஒரு கை. கண்ணாடி வளையல், நரம்பு தெரிகிற மணிக்கட்டு, விரல் இடுக்கில் மெல்ல இறங்குகிற மண். அது யார் கை என்று எங்கள் வீட்டாரைத் தவிர யாருக்கும் தெரியாது. அதற்கடுத்து தகரத்தைத் தட்டி இடி முழக்கினார்கள். நீல வெளிச்சத்தில் மண் வெடித்தது. அந்தக் கோட்டின் கை மேலே வந்தது, அப்புறம் தோள், அப்புறம் தலை. உயரமாக எழுந்து நின்று, சாம்பிராணிப் புகைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்து நடந்து வர ஆரம்பித்தான். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னால் குழந்தைகள் அலறின. நானும் அலறினேன்.

சித்தி முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வெளியூர் கிளம்புகிறவள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போகிற குரலில், திரையைப் பார்த்துச் சொன்னாள்:

"வேணாங்க. நீங்க படுத்துக்குங்க. இங்க நான் பாத்துக்கறேன்."